குட்டி யானைக்கு நியாய விலை எது?

சிறு சரக்கு வண்டி ஒன்றின் ‘ஆன்-ரோடு’ விலைக்குள் பல பேருடைய பணம் கலந்திருக்கிறது. உற்பத்தி நிறுவனத்தின் விலை, டீலரின் லாபம், ஜி.எஸ்.டி., சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், உதிரிச் சாமான்கள், ஷோரூமின் கையாளும் கட்டணம் ஆகிய எல்லாம் சேர்ந்து ஒரே தொகையாக வாங்குபவர் காதில் விழுகின்றன. கடனில் எடுத்தால் வட்டியும் சேரும். இந்தக் கலவையைப் பிரித்துப் பார்க்காமல் “எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று கேட்பவருக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ தள்ளுபடி கிடைக்கும். குறைத்த தொகை பட்டியலின் வேறொரு வரியில் கூடியிருந்தால் அதை அவர் அறிய வழியில்லை. பேரம் முழுத்தொகையின் மேல் நடக்கும்வரை நியாய விலை எது என்பதே தெரியவராது. ஒவ்வொரு வரியாகப் பிரித்து, எது அரசு நிர்ணயித்தது, எது ஷோரூம் நிர்ணயித்தது என்று பார்த்த பிறகுதான் பேரத்துக்கே இடம் பிறக்கும்.

இதில் இழப்பவர் யார் என்பதால்தான் இது பொதுப் பிரச்சினையாகிறது. இந்த வண்டிகளை வாங்குவோரில் கணிசமானோருக்கு அதுதான் முதல் வண்டி. பிறருடைய வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த ஓட்டுநர், காய்கறி வியாபாரி, தண்ணீர் கேன் போடுபவர், பந்தல் சாமான் வாடகைக்கு விடுபவர் என்று நாலைந்து வருடச் சேமிப்பை முன்பணமாகக் கட்டுபவர்கள் இவர்கள். நூறு லாரி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு டீலரே இறங்கி வருவார். ஒற்றை வண்டி வாங்குபவருக்காகப் பேச ஆளில்லை.

பேரம் பேசும் வலிமை இவர்களுக்கு முன்பைவிட இப்போது கூடியிருக்கிறது. 2005 மே மாதம் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபோது அதற்கு நேரடிப் போட்டியே கிடையாது. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், முக்கால் டன் பாரம், சுமார் இரண்டேகால் லட்சம் ரூபாய் விலை. மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் பெரிய லாரிக்கும் இடையே கிடந்த வெற்றிடத்தை அது நிரப்பியது. தமிழ்நாட்டுச் சந்துகளில் ‘குட்டி யானை’ என்று பெயரும் பெற்றது. 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த், நிஸ்ஸானுடனான கூட்டு முயற்சியில் ஓசூரிலிருந்து வந்தது. 2016இல் மாருதியின் சூப்பர் கேரி சேர்ந்தது. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப், ஜீத்தோ வரிசைகள் இருக்கின்றன. 2025 ஜூனில் டாடா நிறுவனமே ஏஸ் புரோ என்ற மாடலை 3.99 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் இறக்கியது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மூன்று நிறுவன வண்டிகள் பக்கத்து பக்கத்து ஷோரூம்களில் நிற்கும்போது, ஓரிடத்தில் வாங்கிய விலைப் பட்டியலை இன்னோரிடத்தில் காட்டுவதே வாங்குபவரின் முதல் ஆயுதம்.

விலைக்கு முன்னால் எடை. ஏற்றப்போகும் சரக்குக்குப் பொருந்தாத வண்டியை எவ்வளவு மலிவாக வாங்கினாலும் அது நஷ்டம்தான். முக்கால் டன், ஒன்றேகால் டன், ஒன்றரை டன்னுக்கு மேல் என்று வண்டிகள் பிரிகின்றன. இதில் பலரும் கவனிக்காத ஒரு கோடு இருக்கிறது. வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆவது பிரிவு பர்மிட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டும் பெரிய பிக்கப்புக்கு பர்மிட் எடுக்க வேண்டும்; அதன் செலவும் அலைச்சலும் விலையோடு சேரும். ஓட்டுநர் உரிமத்தில் அந்தச் சிக்கல் இல்லை. மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதிசெய்துவிட்டது.

அடுத்து எக்ஸ்-ஷோரூம் விலை. வண்டியின் அடிப்படை விலையோடு ஜி.எஸ்.டி. சேர்ந்ததே அது. சரக்கு வண்டிகளுக்கு 2017 ஜூலை முதல் 28 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமானது. அடிப்படை விலை 5 லட்சம் ரூபாயாக உள்ள வண்டி முன்பு 6.40 லட்சம், வரி குறைந்த பின் 5.90 லட்சம். விலையில் ஏறக்குறைய 7.8 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். இந்த 50 ஆயிரத்தை ‘சிறப்புத் தள்ளுபடி’ என்ற பெயரில் யாராவது காட்டினால் அது ஷோரூம் தந்த சலுகை ஆகாது. அரசு விட்டுக்கொடுத்த வரி. டீலரின் தள்ளுபடியைப் புதிய விலையிலிருந்துதான் கணக்கிட வேண்டும்.

ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருக்கும் வியாபாரிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பயணியர் கார்களுக்கு மறுக்கப்படும் உள்ளீட்டு வரி வரவு, சரக்கு வண்டிகளுக்கு மறுக்கப்படவில்லை. மேற்கண்ட உதாரணத்தில் 90 ஆயிரம் ரூபாயை அவர் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு பில் அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணில் இருக்க வேண்டும். வரவு எடுத்துக்கொண்ட வரித் தொகைக்கு வருமான வரியில் தேய்மானம் கோர முடியாது. ஜி.எஸ்.டி.யின் தொகுப்புத் திட்டத்தில் (காம்போசிஷன்) இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது. பில்லில் எண் விடுபட்டுப்போய்ப் பிறகு அலைவதைவிட, முன்பணம் கட்டும்போதே எண்ணை எழுதிக் கொடுப்பது நல்லது.

எக்ஸ்-ஷோரூம் விலையில் டீலர் எவ்வளவு இறங்க முடியும்? புது வண்டி விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் நேரடி லாபம் சில சதவீதம்தான். தங்கள் லாப விகிதம் வெளிநாடுகளைவிடக் குறைவு என்று டீலர்கள் சங்கக் கூட்டமைப்பான ஃபாடா நெடுங்காலமாக முறையிட்டு வருகிறது. ஆகவே ஐந்து லட்ச ரூபாய் வண்டியில் ஐம்பதாயிரத்தை டீலர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது வீண். ஆனால் தள்ளுபடிக்கு இன்னொரு ஊற்று இருக்கிறது. உற்பத்தி நிறுவனங்கள் மாதந்தோறும் ‘ஸ்கீம்’ அறிவிக்கின்றன. இந்த மாடலுக்கு இவ்வளவு ரொக்கத் தள்ளுபடி, பழைய வண்டி கொடுத்தால் இவ்வளவு, ஏற்கெனவே எங்கள் வண்டி வைத்திருப்பவருக்கு இவ்வளவு என்று அது டீலருக்குச் சுற்றறிக்கையாக வரும். வாங்குபவர் கேட்காவிட்டால் அதில் ஒரு பகுதி அவரிடம் வந்து சேராமலே போகலாம். எனவே “எவ்வளவு குறைப்பீர்கள்” என்பதைவிட, “இந்த மாதம் இந்த மாடலுக்குக் கம்பெனி ஸ்கீம் என்ன, ஷோரூம் தன் பங்காக என்ன தருகிறது, இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்” என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

நேரமும் விலையைத் தீர்மானிக்கிறது. ஷோரூமில் நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் கடன் பணத்தில் வாங்கி நிறுத்தப்பட்டவை. நிற்கும் ஒவ்வொரு நாளும் டீலருக்கு வட்டி ஓடுகிறது. இருப்பு 21 நாள் விற்பனைக்கு மேல் போகக் கூடாது என்பது ஃபாடாவின் பரிந்துரை. இத்தனை வண்டி விற்றால் ஊக்கத்தொகை என்ற இலக்கும் டீலருக்கு உண்டு. மாதக் கடைசி வாரம், காலாண்டு முடிவு, நிதியாண்டு முடியும் மார்ச் ஆகியவற்றில் இலக்கை எட்ட இரண்டு வண்டி குறையும் டீலர், பத்தாம் தேதியில் மறுத்த விலைக்கு முப்பதாம் தேதியில் ஒப்புக்கொள்ளக்கூடும். ஆடியில் வாங்கத் தயங்குபவர்கள் அதிகம் என்பதால் அந்த மாதத்தில் பேசினால் காது கொடுத்துக் கேட்பார்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் பேரம் பேசுவது கடினம்.

டிசம்பரிலும் ஜனவரியிலும் கிடைக்கும் பெரிய தள்ளுபடியை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். தயாரான வருடம் ஆர்.சி.யில் பதிவாகிறது. நான்கு வருடம் கழித்து விற்கும்போது வண்டியின் வயது அந்த வருடத்திலிருந்தே கணக்கிடப்படும். ஜனவரியில் வாங்கும் முந்தைய வருட வண்டி, சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு முன்பே காகிதத்தில் ஒரு வயதைக் கடந்துவிடுகிறது. அந்த இழப்புக்கு ஈடான தள்ளுபடி கிடைத்தால் வாங்கலாம். பல வருடம் தானே வைத்து ஓட்டப்போகிறவருக்கு அது லாபமும்கூட. தயாரிப்பு மாதமும் வருடமும் டீலர் தரும் விற்பனைச் சான்றான 21ஆம் படிவத்தில் இருக்கும். சேஸிஸ் எண்ணின் பத்தாவது எழுத்தும் வருடத்தைச் சொல்லும்: ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025, டி என்றால் 2026. பணம் கட்டுவதற்கு முன், தனக்கு ஒதுக்கப்பட்ட வண்டியின் சேஸிஸ் எண்ணை வாங்கிப் பார்த்துக்கொள்வது ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது.

எழுத்தில் வாங்க வேண்டியது கொட்டேஷன். குறைந்தது மூன்று ஷோரூம்களில், ஒரே மாடலுக்கு, ஒரே வாரத்தில் வாங்க வேண்டும். சொந்த ஊர் ஷோரூமில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் வண்டியை மாநிலத்துக்குள் எந்தப் பதிவு அலுவலகத்திலும் பதிவுசெய்யலாம். நாமக்கல்லில் இருப்பவர் சேலத்திலும் ஈரோட்டிலும் விலை கேட்கலாம். நிறுவன வாரன்ட்டி எல்லா ஊரிலும் செல்லும். இத்தகைய கொட்டேஷன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எக்ஸ்-ஷோரூம் விலை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். வித்தியாசமெல்லாம் அதற்குக் கீழே உள்ள வரிகளில் ஒளிந்திருக்கும்.

ஒரு மாதிரிக் கொட்டேஷனை எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்-ஷோரூம் 5.90 லட்சம். கீழே ‘ஆர்.டி.ஓ. செலவு’ என்று ஒரு தொகை, ‘இன்சூரன்ஸ்’ என்று ஒரு தொகை, ‘ஹேண்ட்லிங் / லாஜிஸ்டிக்ஸ்’ என்று ஒரு தொகை, ‘அக்சஸரீஸ்’ என்று ஒரு தொகை, கடைசியில் முழு எண்ணாக்கிய மொத்தம். நான்கு வரியும் நான்கு முழு எண்கள். அரசுக் கட்டணங்களின் கூட்டுத்தொகையும் பிரீமியமும் பொதுவாக இப்படி ஆயிரங்களில் உருண்டு வருவதில்லை. உருண்டையான எண் எங்கே இருக்கிறதோ அங்கே கேள்வி கேட்க வேண்டும்.

ஆர்.டி.ஓ. செலவில் அரசுக்குப் போவது எவ்வளவு? மத்திய மோட்டார் வாகன விதிகளின் 81ஆவது விதியில் உள்ள அட்டவணைப்படி, இலகுரக சரக்கு வண்டியின் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். கடன் இருந்தால் ஹைப்போதிகேஷன் குறிப்பதற்கு 1,500 ரூபாய். ஆர்.சி. ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். இவற்றோடு மாநில அரசின் சாலை வரி. எல்லாவற்றுக்கும் அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் ரசீது உருவாகும். கொட்டேஷனில் உள்ள தொகைக்கும் ரசீதுகளின் கூட்டுத்தொகைக்கும் உள்ள இடைவெளியைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம். முழுமையாகக் கட்டப்பட்ட புது வண்டி முதல் இரண்டு வருடங்களுக்குத் தகுதியுள்ளதாகவே கருதப்படுவதால், பதிவின்போது எஃப்.சி. (தகுதிச் சான்று) செலவு என்று தனியாகப் பணம் கேட்பதற்கும் நியாயமில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு எண் பலகையை வழங்குவது உற்பத்தியாளரின் பொறுப்பு.

கையாளும் கட்டணம் என்பதைத்தான் முதலில் அடிக்க வேண்டும். ஆலையிலிருந்து ஷோரூம் வரை வண்டி வந்து சேரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. டீலரும் வாங்குபவரும் ஒரே மாநிலத்தில் இருந்தால் பதிவுக்கான விண்ணப்பத்தை டீலரே அளிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆவது பிரிவு சொல்கிறது. தன் கடமையைச் செய்வதற்கு வாங்குபவரிடம் ஐயாயிரம், எட்டாயிரம் என்று கட்டணம் கேட்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. இது எழுத்தில் கேட்கப்பட்டால் பெரும்பாலும் காணாமல் போய்விடும் தொகை.

காப்பீடு: மாறுவதும் மாறாததும்

காப்பீட்டில் இரண்டு பாகங்கள். மூன்றாம் தரப்புக் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிக்கையில், மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு அடிப்படை பிரீமியம் 16,049 ரூபாய். எந்த நிறுவனத்திடம் எடுத்தாலும் இது மாறாது. மாறுவது சொந்தச் சேதத்துக்கான பாகம். நிறுவனங்கள் அதில் தரும் தள்ளுபடியில் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. ஷோரூம் காட்டும் பாலிசியில் இந்தப் பாகம் மட்டும் எவ்வளவு என்று பார்த்து, வெளியே இரண்டு நிறுவனங்களில் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

“இங்கேதான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கீம் கிடையாது” என்பது பல இடங்களில் சொல்லப்படுகிறது. ஷோரூமுக்குக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கமிஷன் வருவதே காரணம். வாகன டீலர்கள் காப்பீடு விற்பதை ஒழுங்குபடுத்தக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாங்குபவரைக் கட்டாயப்படுத்துவதை அனுமதிக்கவில்லை. வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் வசதி கிடைக்காது என்ற பயமுறுத்தலும் உண்மையல்ல. அந்த வசதி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் பழுதுபார்க்கும் பணிமனைக்கும் இடையிலான ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

மலிவான பாலிசியிலும் ஆபத்து உண்டு. வண்டிக்குக் காப்பீட்டில் குறிக்கப்படும் மதிப்பான ஐ.டி.வி., புது வண்டிக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்த தொகையாக இருப்பது வழக்கம். அதைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும். வண்டி திருடுபோனால் கிடைக்கும் பணமும் குறையும். சரக்கு வண்டி வாங்குபவர் தவறாமல் கேட்க வேண்டிய இன்னொன்று ஐ.எம்.டி. 23. வணிக வாகனப் பாலிசியில் விளக்குகள், டயர், மட்கார்டு, பானெட், பம்பர், பெயின்ட் ஆகியவற்றின் சேதம் தானாகச் சேராது. கூடுதல் பிரீமியம் கட்டி இந்த எண்ணுள்ள பிரிவைச் சேர்த்தால்தான் சேரும். சந்து பொந்துகளில் பின்வாங்கிக்கொண்டிருக்கும் சிறு வண்டிக்கு இடிபடுவது இந்தப் பாகங்கள்தான். இதை விட்டுவிட்டு இரண்டாயிரம் குறைவாகக் காட்டும் கொட்டேஷன் முதல் உரசலிலேயே அதை வாங்கிக்கொண்டுவிடும்.

உதிரிச் சாமான்களில் வேண்டாதவற்றைத் தயங்காமல் அடித்துவிடலாம். சீட் கவர், மேட், மியூசிக் சிஸ்டம், துருத் தடுப்புப் பூச்சு எல்லாம் வெளிச்சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ‘இலவசம்’ என்று தரப்படும் உதிரிச் சாமானைவிட அதன் விலையை ரொக்கமாகக் குறைப்பது எப்போதும் மேல். தொட்டி வைக்காத கேபின் சேஸிஸை வாங்கி வெளியே கூண்டு கட்டப்போகிறவர், தொட்டியின் விலை கழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய வண்டியைக் கொடுத்து வாங்குபவர்கள் இரண்டு பேரத்தை ஒன்றாகக் கலக்கக் கூடாது. புது வண்டியின் விலை எழுத்தில் முடிந்த பிறகே பழையதைப் பற்றிப் பேச வேண்டும். பழைய வண்டிக்கு வெளியே இரண்டு வியாபாரிகளிடம் விலை கேட்டு வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்பது சந்தை விலைக்கு மேல் நிறுவனம் தருவது. சந்தை விலையைக் குறைத்துப் போட்டு, போனஸால் அதைச் சரிக்கட்டினால் வாங்குபவருக்குக் கிடைத்தது எதுவுமில்லை.

தவணை என்னும் பெரிய ஓட்டை

மேலே சொன்ன எல்லாவற்றையும் கூட்டினாலும், வட்டியில் போகும் பணத்துக்கு ஈடாகாது. சிறு சரக்கு வண்டிகள் பெரும்பாலும் கடனில்தான் விற்கின்றன. வாகனக் கடனுக்கு இந்தியாவிலேயே பெயர்பெற்ற ஊர் சென்னை. 1954இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், 1974இல் தொடங்கிய ஸ்ரீராம் குழுமம், 1978இல் தொடங்கிய சோழமண்டலம் ஆகியவை இங்கே வளர்ந்தவை. வங்கிகள் திரும்பிப் பார்க்காத ஓட்டுநர்களை வண்டிச் சொந்தக்காரர்கள் ஆக்கியதில் இத்தகைய நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் வட்டி சொல்லப்படும் விதத்தில் வாங்குபவர் ஏமாறுகிறார்.

ஷோரூமுக்கு வந்தவுடன் கேட்கப்படும் கேள்வி, “மாதம் எவ்வளவு டியூ கட்ட முடியும்?” என்பது. இதற்குப் பதில் சொன்ன நிமிடத்தில் வண்டி விலை பேச்சிலிருந்து மறைந்துவிடுகிறது. மாதத் தொகையை வைத்துக்கொண்டு காலத்தையும் வட்டியையும் எப்படி வேண்டுமானாலும் நீட்டலாம்.

ஆறு லட்சம் ரூபாய் கடன், 48 மாதம், ‘9 சதவீத வட்டி’ என்று வைத்துக்கொள்ளலாம். அது நிலையான வட்டி, அதாவது ‘ஃப்ளாட்’. வருடத்துக்கு 54 ஆயிரம் வீதம் நான்கு வருடத்துக்கு 2.16 லட்சம் வட்டி, மொத்தம் 8.16 லட்சம், மாதம் 17,000 ரூபாய். அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு ஆறு லட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் அசல் முறையில் கணக்கிட்டால் இது 9 சதவீதம் இல்லை. ஏறக்குறைய 16 சதவீதம். இதே கடனை இன்னொரு நிறுவனம் குறையும் அசல் முறையில் ‘12 சதவீதம்’ என்று சொன்னால், கேட்பவர் காதுக்கு அதுதான் அதிகமாகத் தெரியும். ஆனால் தவணை 15,800 ரூபாய்தான். மாதம் 1,200 வீதம் 48 மாதத்தில் 57,600 ரூபாய் மிச்சம். பத்தாயிரம் ரூபாய் தள்ளுபடிக்காக இரண்டு மணி நேரம் பேசியவர், இந்த 57,600ஐக் கேட்காமலே விட்டுவிடுகிறார். டியூ பாரமாக இருக்கிறது என்று அதே 16 சதவீதக் கடனை 60 மாதத்துக்கு நீட்டினால், மாதத் தவணை சுமார் 14,600 ஆகக் குறையும்; வட்டி மட்டும் சுமார் 60 ஆயிரம் கூடும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ரிசர்வ் வங்கி ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கும் சிறு குறு தொழில்களுக்கும் வழங்கப்படும் தவணைக் கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவர அறிக்கை கொடுத்தாக வேண்டும். அதில் எல்லாக் கட்டணமும் உள்ளடங்கிய வருடாந்திர வட்டி விகிதம் இருக்க வேண்டும். செயலாக்கக் கட்டணம், ஆவணக் கட்டணம், கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப்படும் ஆயுள் காப்பீடு எல்லாம் அதில் வெளிப்படும். அந்த அறிக்கையில் இல்லாத கட்டணத்தை வாங்குபவரின் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்க முடியாது. வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதி. கையெழுத்துப் போடும் முன் தமிழில் இதைக் கேட்டு வாங்குவது உரிமை. இரண்டு நிறுவனங்களின் அறிக்கைகளில் உள்ள அந்த ஒரு விகிதத்தை ஒப்பிட்டாலே போதும். ஃப்ளாட், குறையும் அசல் என்ற மயக்கம் தீர்ந்துவிடும்.

ஷோரூமுக்குக் கடன் நிறுவனத்திடமிருந்தும் கமிஷன் வருகிறது. ரொக்கமாக வாங்குகிறேன் என்றால் கூடுதலாகக் குறைப்பார்கள் என்று நினைப்பது இதனால்தான் எப்போதும் பலிப்பதில்லை. வண்டி விலை எழுத்தில் முடியும்வரை கடனா ரொக்கமா என்பதைச் சொல்லாமல் இருப்பது நல்லது. ஷோரூமுக்குப் போகும் முன்பே வங்கியில் விசாரித்துவிடவும் வேண்டும். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிறு சரக்கு வண்டி வாங்கவும் பிணையில்லாக் கடன் உண்டு. அது கிடைக்காவிட்டாலும், வங்கி சொன்ன வட்டி ஷோரூமில் பேசுவதற்கு ஓர் அளவுகோலாக இருக்கும்.

விலை முடிந்ததும் முன்பணம். ரசீதில் மாடல், நிறம், ஒப்புக்கொண்ட விலை, தள்ளுபடி, டெலிவரி தேதி, ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகியவை இருக்க வேண்டும். பணத்தை டீலர் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்ப வேண்டும். விற்பனையாளரின் சொந்த எண்ணுக்கு அனுப்பக் கூடாது. தள்ளுபடி பில்லிலேயே கழிக்கப்படுவது நல்லது, அப்போது ஜி.எஸ்.டி.யும் குறைந்த விலைக்கே கணக்காகும். பின்னால் தருகிறோம் என்ற வாய்வார்த்தைத் தள்ளுபடி, வண்டி கேட்டைத் தாண்டியதும் பலருக்கு வருவதில்லை. விலை 10 லட்சத்தைத் தாண்டினால் விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரியாக ஒரு சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் வரவாகும், செலவாகாது.

டெலிவரி நாளில் சேஸிஸ் எண், எஞ்சின் எண், டயர்களின் தயாரிப்பு வாரம், ஓடிய கிலோமீட்டர், தொட்டியின் வெல்டிங் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாலை போட்டு எலுமிச்சை வைத்த பிறகு குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. பூஜைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவு சூதானத்தையும் ஒரு முதல் வண்டிக்காரரிடம் எதிர்பார்ப்பது நியாயமா என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்காவில் 1958இலேயே, ஒவ்வொரு புது காரின் கண்ணாடியிலும் உற்பத்தியாளரின் பரிந்துரை விலை, கூடுதல் வசதிகளின் விலை, ஏற்றிவரும் கட்டணம் ஆகியவற்றை ஒட்டியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இங்கே ஐம்பது ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் அதிகபட்ச விலை அச்சிடப்பட்டிருக்கிறது. ஆறு லட்ச ரூபாய் வண்டிக்கு ஆன்-ரோடு விலை காகிதத்துண்டில் பென்சிலால் எழுதித் தரப்படுகிறது. போக்குவரத்துத் துறை ஒரே மாதிரியான கொட்டேஷன் படிவத்தைத் தமிழில் வகுத்து, எல்லா ஷோரூம்களிலும் கட்டாயமாக்கலாம். அரசுக் கட்டணங்கள் ஒரு பக்கம், ஷோரூமின் கட்டணங்கள் மறுபக்கம், காப்பீட்டிலும் கடனிலும் ஷோரூமுக்கு வரும் கமிஷன் கீழே. இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியிருக்காது. டீலர்களுக்கு வணிகச் சான்று வழங்குவதும் புதுப்பிப்பதும் பதிவு அலுவலகங்களின் கையில்தான் இருக்கின்றன.

அதுவரை சட்டத்தில் இருக்கும் வழி நுகர்வோர் ஆணையம். வணிகத்துக்கு வாங்கிய வண்டி என்பதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று சில இடங்களில் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவர் நுகர்வோரே என்று 2019ஆம் ஆண்டின் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கோவையின் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த வழக்கொன்றில் 1995இல் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கம் இன்னும் நேரடியானது: தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்குபவர் நுகர்வோர், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர்தான். புகாரை முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். தீராவிட்டால் தான் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான விலைக்கு வாங்கிய வண்டியென்றால் கட்டணம் 200 ரூபாய். கொட்டேஷன், முன்பண ரசீது, பில், பாலிசி, முக்கிய விவர அறிக்கை, வாகன் ரசீதுகள் ஆகிய ஆறையும் அங்கே கேட்பார்கள்.